கல்யாணம் வரைக்கும் ஒரு நாக்கு

காலை ஆறு இருபது. காபிக்காக மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நான் முதலில் பார்த்தது அத்திம்பேரின் நாக்கை. வாஷ்பேசின் கண்ணாடிக்கு முன்னால் நின்று, துண்டால் நாக்கின் நுனியைப் பிடித்து வலப்பக்கம் இழுத்து, மறு கையிலிருந்த மொபைல் டார்ச்சை வாய்க்குள் அடித்துக்கொண்டிருந்தார். நாக்கின் இடது ஓரத்தில், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே ஒரு புண். நடுவில் சிவப்பு, சுற்றிலும் வெள்ளையாகத் தடித்த விளிம்பு. சுண்டுவிரல் நகத்தின் அளவு இருக்கும்.

என்னைப் பார்த்ததும் டார்ச்சை அணைத்தார்.

"பல்லு உடைஞ்சு உரசறது. சாரமில்லே, ஒண்ணும் பெரிசில்லே."

"எத்தனை நாளா இருக்கு, அத்திம்பேர்?"

"விஷு கழிஞ்சப்போ தொடங்கித்து."

விஷு சித்திரை முதல் நாள். அப்போது வைகாசி முடியப்போகிறது. சாதாரண வாய்ப்புண் ஒரு வாரத்தில் ஆறிவிடும். இரண்டு மாதமாக ஆறாத ஒன்றை அவர் தினமும் காலையில் எல்லோரும் எழுந்திருக்கும் முன்னால் தானே பரிசோதித்து, ஒன்றுமில்லை என்று தானே தீர்ப்புச் சொல்லி, விளக்கை அணைத்து வந்திருக்கிறார்.

அத்திம்பேர் என்றால் என் அக்காவின் கணவர். திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டைக்குள் இருக்கும் அவர்களுடைய வீட்டின் மாடியில், பத்திரிகை வேலையை விட்டு வந்த பிறகு நான் குடியிருந்தேன். ஒரு ஃபைலில் முடிவெடுக்காமல் இருப்பதில் அவருக்கு இணை கிடையாது என்று அவருடைய சகாக்கள் ஓய்வு விழாவிலேயே மேடையில் சொன்னார்கள், பாராட்டாக. ஒரு கேள்வி மேஜைக்கு வந்தால், இன்னொரு பிரிவின் கருத்தைக் கேட்டு அனுப்புவார். அது திரும்பி வந்தால் சட்டப் பிரிவுக்கு. கேள்வி கேட்டவர் மாற்றலாகிப் போகும் வரை ஃபைல் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும்.

அவர் சிகரெட்டைத் தொட்டவர் அல்ல. குடித்தவர் அல்ல. இதை அவரே அடிக்கடி சொல்வார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னும் மாலையிலும் வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலை இடது கன்னத்தில் அடங்கும். எங்கள் தெருவில் அது கெட்ட பழக்கங்களில் சேராது. புகை வந்தால்தான் பாபம். சாலை பஜாரில் ஒரு முறுக்கான் கடையில் வெற்றிலை, பாக்கு, புகையிலை எல்லாம் வாங்குவார். அழுகிய வாயின் படம் அச்சடித்த பொட்டலங்களைப் பார்த்தாலே அவருக்கு அருவருப்பு. அதனால் பொட்டலத்தை விட்டுவிட்டுப் புகையிலையைச் சில்லறையாக வாங்கினார். அரசாங்கத்தின் எச்சரிக்கையை ஓர் அரசு அதிகாரி இதைவிடச் சுத்தமாகச் சமாளிக்க முடியாது.

நான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போன பல் டாக்டர் உடைந்த பல்லைத் தொடவே இல்லை. புண்ணைப் பார்த்தார், கையுறையைக் கழற்றினார், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஒரு துணுக்கு வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது.

அறுவை சிகிச்சை டாக்டர் நாற்பது வயது மதிக்கத்தக்க மலையாளப் பெண். சுற்றி வளைக்காமல் பேசினார். காகிதத்தில் ஒரு நாக்கை வரைந்து, ஓரத்தில் ஒரு பிறை போட்டார். இப்போது சின்னது; இவ்வளவு எடுத்தால் போதும்; கழுத்தில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்துவிடுவேன்; நாள் போனால் பிறை பெரிதாகும், பிறகு தாடை எலும்பு, பிறகு கழுத்து, அப்போது உயிருக்கு நான் உறுதி சொல்ல முடியாது. எல்லாவற்றையும் மலையாளத்தில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒற்றைச் சொல்: "தாமசிக்கருது." தாமதிக்கக் கூடாது. ஆனி மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

அத்திம்பேர் ஒன்றே ஒன்று கேட்டார். பேச்சு எப்படி இருக்கும்?

முதலில் குழறும், பயிற்சி செய்தால் மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி வரும் என்றார் டாக்டர்.

"மந்த்ரம்?"

"எந்து மந்த்ரம்?" என்றார் டாக்டர். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க அத்திம்பேரும் முயலவில்லை.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே மகளுக்கு ஆவணி மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கன்னிகாதானத்தின்போது பெண்ணின் அப்பா, கொள்ளுத்தாத்தாவின் பெயரிலிருந்து தன் பெயர் வரை வரிசையாகச் சொல்லி, இன்னாரின் கொள்ளுப்பேத்தி, இன்னாரின் பேத்தி, என் மகள், இவளைத் தருகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். வாத்தியார், அதாவது புரோகிதர், துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுப்பார். அப்பா திருப்பிச் சொல்லுவார். எல்லாக் கல்யாணத்திலும் நடப்பது. எந்தக் கல்யாணத்திலும் யாரும் காது கொடுத்துக் கேட்காதது. அந்த நேரத்தில் எல்லோரும் டிபன் பந்தியில் இருப்பார்கள்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்துக் கொடுத்த அன்று மாலை வீட்டு ஹாலில் கூட்டம் கூடியது. தலைமை வகித்தவர் அத்திம்பேரின் அண்ணா. கரமனையில் இருப்பவர், கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஒளியின் வேகத்தை முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவர், வரும்போதே ஜோசியரிடம் போய்விட்டு வந்திருந்தார்.

"பாதி நாக்கை வெச்சுண்டு ஒருத்தன் கன்யாதானம் பண்ணலாமோ? அங்கஹீனம் அல்லோ?" என்றார். "ஜோசியர் தீர்த்துச் சொல்லிட்டார். இப்போ தசாபுக்தி சரியில்லே. சிங்கம் பொறக்கட்டும், கல்யாணம் கழியட்டும். மறுநாளே கூட்டிண்டு போய் அறுத்துக்கட்டும். ஒண்ணரை மாசம்தானே? பின்னே என்ன?"

சிங்கம் என்றால் ஆவணி. நடுவில் இருக்கும் ஆடியில் கல்யாணம் கிடையாது.

கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"அப்போ கல்யாணத்தை மாத்துங்கோ, பெரியப்பா. தை மாசம் வெச்சுக்கலாம்."

"மண்டபம்?"

"மண்டபம் போட்டே, போனாப் போறது. வேற கிட்டும்."

"சம்பந்தியாத்துலே என்னன்னு சொல்றது? பொண்ணோட அப்பாவுக்கு கேன்சர்னா? இது பரம்பரையான்னு கேப்பா. கல்யாணமே நின்னு போகும்."

"அவன்கிட்டே நான் ரிசல்ட் வந்த அன்னிக்கே சொல்லியாச்சு."

அக்கா சமையலறை வாசலில் நின்றபடி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சொல்லியாச்சா? அவன் என்ன சொன்னான்?"

"அப்பாவுக்கு உடனே ஆபரேஷன் பண்ணுங்கோ, முடிஞ்சா பெரியப்பாவுக்கும் தலையிலே ஒரு ஸ்கேன் எடுங்கோன்னான்."

அத்திம்பேர் சிரித்துவிட்டார். சிரித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். அண்ணா சிரிக்கவில்லை. "கேட்டேளா பேச்சை? இதுக்குத்தான் பொண்களை ராத்திரி ஷிஃப்டுக்கு அனுப்பப்படாதுங்கறது," என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். மகள் பார்த்தது பகல் ஷிஃப்ட்.

நான் டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் திரும்பச் சொன்னேன். பிறை, தாடை எலும்பு, கழுத்து, உயிர். "டாக்டர்மார் அப்படித்தான் பேடிப்பிப்பா," என்றார் அண்ணா. பயமுறுத்துவது அவர்களுடைய தொழில் என்று பொருள்.

எல்லோரும் அத்திம்பேரைப் பார்த்தார்கள். அவருடைய நாக்கு, அவருடைய உயிர். முடிவு அவருடையதாக இருந்திருக்க வேண்டும். அவர் தன் சர்வீஸில் என்ன செய்வாரோ அதைச் செய்தார். "எல்லாருடைய அபிப்ராயத்தையும் கேட்டுண்டாச்சு. ஆஸ்பத்திரியிலே ஒரு வார்த்தை சொல்லி, கொஞ்சம் தள்ளி வெக்கலாம்." மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அவள் கல்யாண நெருக்கத்தில் ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறாள் என்று முடிவு செய்யப்பட்டது.

மறுநாள் அவரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். நீங்களே இதை நம்புகிறீர்களா? அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சர்வீஸிலே நானா உரக்க ஒண்ணும் சொன்னதில்லேடா. மேலே எழுதினதைக் கீழே எழுதினேன். இது ஒண்ணை என் வாயாலே, என் குரலிலே, தெளிவாச் சொல்லணும்." இந்த விவகாரம் முழுவதிலும் நான் ஏளனம் செய்ய முடியாத ஒரே பேச்சு அது.

ஆடி பிறந்தது. மலையாளிகளுக்கு அது கர்க்கடகம்; மருந்துக் கஞ்சி குடித்து, எண்ணெய் தேய்த்து உடம்பைத் தேற்றும் மாதம். நாக்கை வெட்டக் கூடாத அதே மாதம் நாக்குக்கு வைத்தியம் பார்க்க உகந்தது என்று அண்ணா கண்டுபிடித்தார். மலையடிவாரத்தில் கல்லாறு என்ற ஊரில் ஒரு வைத்தியர் இருப்பதாகவும், அவர் வாய்ப் புற்றை வேரோடு காய வைத்துவிடுவார் என்றும் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. பௌதிகப் பேராசிரியர் அதைப் பதினைந்து பேருக்கு அனுப்பியும் விட்டார்.

யாராவது கூடப் போக வேண்டும். நான் போனேன். மழையில் பஸ் ஊர்ந்து வித்துராவைத் தாண்டி ஆற்றங்கரையில் எங்களை இறக்கியது. வைத்தியசாலைக்கு இரண்டு பக்கமும் பொன்முடி மலைக்குப் போகிற சுற்றுலாக்காரர்களை நம்பிய கடைகள். வைத்தியசாலையின் பலகையில் உழிச்சில் என்கிற எண்ணெய் மசாஜ், நடுமுதுகு வலி, முடி கொட்டுதல், தம்பதியருக்குச் சிறப்புச் சலுகை. உள்ளே தலையில் எண்ணெயோடு ஒரு வடநாட்டு ஜோடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

வைத்தியர் டார்ச் இல்லாமலே வாய்க்குள் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் போதும் என்றார். மழை இருட்டில் ஜன்னலில் வெளிச்சம் இல்லை. கத்தி வைத்தால் பரவும், வைக்காதவரை அது தூங்கும் என்றார். கொப்பளிக்க ஓர் எண்ணெய், குடிக்க ஒரு கஷாயம். எந்த நோய் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்ன தாளை நான் நீட்டினேன். வாங்கவில்லை. "அதொந்நும் எனிக்கு வேண்டா," என்றார். தாளைப் படிக்காமலே குணப்படுத்துகிறவர் என்று அண்ணா இதையும் பெருமையாகப் பரப்பினார்.

திரும்பி வரும்போது வித்துரா சந்தையில் அத்திம்பேருக்கு ஒரு நேந்திரம்பழம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"எரியறதா?"

"எரியலே. காது வலிக்கறது."

"காதா?"

"இடது காது. மூணு நாளா. எண்ணெய் தேச்சுண்டு குளிச்சது கேறியிருக்கும்."

காதில் எண்ணெய் ஏறவில்லை. நாக்கின் பின்பகுதிக்கு நோய் போனால் வலி காதில் தெரியும் என்பதை நான் பிறகு டாக்டரிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே அவர் பேச்சு தடித்துவிட்டது. எச்சிலைத் துடைக்க ஒரு கைக்குட்டை, அது நனைந்தால் இன்னொன்று. கஷாயம் வேலை செய்கிறது, கெட்ட நீர் வெளியேறுகிறது என்றார் அண்ணா.

முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல். வாத்தியாருக்குப் பதினொன்றுக்குக் கரமனையில் இன்னொரு முகூர்த்தம் இருந்ததால், எட்டு மணியிலிருந்தே எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அத்திம்பேர் பட்டு வேஷ்டியில் அமர்ந்தார். மகள் அவர் மடியில். வாத்தியார் மைக்கில் முதல் துண்டைச் சொல்லிவிட்டு அவரைப் பார்த்தார்.

அத்திம்பேர் வாயைத் திறந்தார். வந்தது ஒரு சத்தம். சொல் இல்லை. மறுபடி முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது, கைக்குட்டை மடியில் விழுந்தது. எச்சில் மகளின் பட்டுப் புடவையில் வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முழங்காலை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

வாத்தியார் மணியைப் பார்த்தார். "ஷெரி, நீங்கோ சிரமப்பட வேண்டாம். மனசாலே சொல்லிண்டே இருங்கோ, நான் சொல்லிடறேன்," என்றார். கடகடவென்று எல்லாவற்றையும் அவரே சொன்னார். கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்லும் இடத்தில் தாத்தாவின் பெயரையே இரண்டு தடவை சொன்னார். அத்திம்பேர் கையை ஆட்டினார். தலையை ஆட்டினார். மேளக்காரர்கள் அதைக் கெட்டிமேளத்துக்கான சைகை என்று நினைத்து முழங்கத் தொடங்கினார்கள். வேறு யாரும் தவறைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த அண்ணா பரமதிருப்தியோடு அட்சதை போட்டார்.

வாத்தியார் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது போய்க் கேட்டேன். அப்பா சொல்ல முடியாவிட்டால் நீங்களே சொல்லலாமா?

"பேஷாச் சொல்லலாம். வைகாசியிலே ஒருத்தர், ஸ்ட்ரோக் வந்து வாய் கோணிண்டு, வீல்சேர்லே வந்து உட்கார்ந்தார். நான்தான் சொன்னேன். பொண்ணு இப்போ துபாய்லே சௌக்யமா இருக்கா."

"நாக்கிலே ஆபரேஷன் பண்ணிண்டு வந்திருந்தா?"

"வரட்டுமே. யாரு வேண்டாம்னா?"

"அங்கஹீனம்னு பேசிண்டா..."

"யாரு பேசிண்டா? என்கிட்டே ஒருத்தரும் கேக்கலியே, ஓய்." குடுமியின் மேல் ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு கரமனைக்குப் போய்விட்டார்.

உண்மைதான். ஜோசியரைக் கேட்டார்கள். ஆற்றங்கரை வைத்தியரைக் கேட்டார்கள். வாட்ஸ்அப்பைக் கேட்டார்கள். கல்யாணத்தை நடத்தி வைக்கப் பேசி முடித்திருந்தவரிடம் எத்தனை தேங்காய் வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள். சாஸ்திரத்துக்காக ஓர் உயிரைத் தள்ளிப்போட்டவர்கள், சாஸ்திரம் படித்தவரைச் சமையல்காரரைப் போலச் சாமான் கணக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். வாத்தியாரிடம் போய் ஒரு வார்த்தை கேட்பது படித்த குடும்பத்துக்குக் கௌரவக் குறைவு. சாஸ்திரம் அவர்களுக்கே தெரியும்.

மறுநாளே ஆஸ்பத்திரி என்று பேச்சு. மறுநாள் சம்பந்தி விருந்து. அதற்கடுத்த நாள் மாப்பிள்ளையும் பெண்ணும் கோயில்களுக்கு. பிறகு ஓணம். ஓணத்தின்போது தெரு முழுவதும் பூக்களம் போட்டிருக்கையில் ஆஸ்பத்திரிக்குப் போவது நன்றாக இருக்காது என்றார்கள். கணவனோடு பெங்களூருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட மகள்தான் கடைசியில் யாரிடமும் கேட்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டு, அப்பாவை ஏற்றி, என்னையும் ஏறச் சொன்னாள்.

டாக்டர் அத்திம்பேரின் கழுத்தில் இரண்டு பக்கமும் விரலை வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் விரல் ஓர் இடத்தில் நின்றது. வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு விரல் நுழையும் அளவுதான் திறந்தது. ஆனியில் தான் வரைந்த படத்தை எடுத்துப் பார்த்தார். பிறகு அதே மலையாளத்தில், குரலை உயர்த்தாமல், "கல்யாணம் நன்னாயிட்டு கழிஞ்ஞோ?" என்று கேட்டார்.

அத்திம்பேர் தலையை ஆட்டினார்.

இந்த முறை டாக்டர் எதையும் வரையவில்லை. நாக்கில் முக்கால்வாசி, தாடையின் ஒரு பகுதி, கழுத்தின் இரண்டு பக்கமும், தொடையிலிருந்து சதை எடுத்து வாயில் வைத்துத் தைக்க வேண்டும், அதன்பின் கதிர்வீச்சு. "முன்பு நான் குணப்படுத்துவேன் என்று சொன்னேன். இப்போது முயல்வேன் என்று சொல்கிறேன்," என்றார். மகள் தலையசைத்தாள். அவளே கையெழுத்துப் போட்டாள். அபிப்ராயம் கேட்க யாரையும் போனில் கூப்பிடவில்லை.

ஆபரேஷன் காலையில் தொடங்கி மாலை வரை நடந்தது. அதற்குப் பிறகு அத்திம்பேர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி போயிற்று. மகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மொபைலில் தட்டிக் காட்டுவார். கதிர்வீச்சு பாதியில் இருக்கும்போது நுரையீரலிலும் நோய் தெரிந்தது. அண்ணா ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் வாசலில் நின்று, உள்ளே இருக்கும் நாற்றம் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு, என்னிடம் ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். குழாயில் சாப்பிடுகிறவருக்கு ஆரஞ்சு.

மாசி மாதத்தில் அத்திம்பேர் இறந்தார். பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டின்போது, இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி, அண்ணா வந்தவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "ஆபரேஷன் பண்ணாமே விட்டிருந்தா அவன் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பான். எல்லாம் இந்தப் பொண்ணோட அவசரம்." இரண்டு பேர் ஆமோதித்தார்கள். ஒருவர் இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார்.

ஆபரேஷன் நடந்தது, டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பதினோரு வாரம் கழித்து.